ஆப்பிரிக்கக் கிராமத்துக்குக் கைகொடுக்க நினைக்கும் சிறு குழுவுக்கு: கென்யாவின் உக்கம்பானியை முன்வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

பத்துப் பதினைந்து நண்பர்கள், ஆளுக்கு மாதாமாதம் ஒரு சிறு தொகை, வருடத்தில் இரண்டு வார விடுப்பு. ஆப்பிரிக்கக் கிராமம் ஒன்றுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று கிளம்புகிற குழுக்களில் பலவற்றின் கையிருப்பு இவ்வளவுதான். இதை வைத்துக்கொண்டே உருப்படியான வேலை செய்ய முடியும். அதற்கு, அந்த ஊரில் உங்களுக்கு முன்பே வேலையைத் தொடங்கிவிட்ட ஆட்களைக் கண்டுபிடித்து அவர்களுக்குப் பின்னால் நிற்க வேண்டும். நீங்களாக எதையும் புதிதாகத் தொடங்கக் கூடாது. கீழே வருகிற படிகள் எல்லாம் இந்த ஒரு விஷயத்தை எப்படி நடைமுறைப்படுத்துவது என்பதுதான்.

"ஆப்பிரிக்கா" என்று பொதுவாகப் பேசினால் ஒன்றும் நகராது. அதனால் எனக்குப் பிடிபட்ட ஒரு வட்டாரத்தை எடுத்துக்கொள்கிறேன்: கென்யாவின் தென்கிழக்கே மச்சாகோஸ், மக்குவேனி, கிட்டுயி மாவட்டங்கள் சேர்ந்த உக்கம்பானி. கம்பா மக்களின் பூமி. மானாவாரி மண், மார்ச்–மே ஒரு மழை, அக்டோபர்–டிசம்பர் இன்னொரு மழை, விவசாயிகள் அதிகம் நம்புவது இரண்டாவதை. மக்காச்சோளத்தோடு துவரையும் பாசிப்பயறும் விளைகிற ஊர். ஆறுகளில் மழை பெய்த சில மணி நேரம் வெள்ளம் ஓடும். மற்ற நாளெல்லாம் மணல்தான். பெண்கள் அந்த மணலில் ஊற்றுத் தோண்டி, குவளையால் மொண்டு மொண்டு 20 லிட்டர் மஞ்சள் கேனை நிரப்பி, கழுதை மீது ஏற்றியோ முதுகில் சுமந்தோ வீடு சேர்ப்பார்கள். பாலாற்றங்கரையிலும் வைகைக் கரையிலும் வளர்ந்தவர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல.

படி 1: ஒரே வட்டாரம், குறைந்தது ஐந்து வருடம்

மூன்று நாட்டில் மூன்று கிராமம் என்று பிரித்துக்கொள்ளாதீர்கள். சிறு குழுவுக்கு ஓர் ஊரைப் புரிந்துகொள்ளவே இரண்டு மழைக்காலம் வேண்டும். ஐந்து வருடம் தொடர முடியாது என்று தோன்றினால், அந்த வட்டாரத்தில் ஏற்கனவே நல்ல பெயர் எடுத்த உள்ளூர் நிறுவனத்துக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்வது மேல். அதில் குறைவு ஒன்றும் இல்லை.

படி 2: ஊரில் இருக்கும் குழுவைத் தேடுங்கள்

இதற்குத்தான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும். ஏனென்றால் வெளியிலிருந்து வருகிறவர்கள் பொதுவாக "இந்த மக்களை ஒன்றுதிரட்ட வேண்டும்" என்ற எண்ணத்தோடு வருகிறார்கள். உக்கம்பானியில் யாரையும் திரட்ட வேண்டியதில்லை. மாறி மாறி ஒருவர் நிலத்தில் மற்றவர்கள் வேலை செய்துகொடுக்கும் "ம்வெத்யா" குழுக்கள் அங்கே தலைமுறைகளாக உண்டு. மலைச்சரிவுகளில் தெரியும் படிக்கட்டு வரப்புகளில் பெரும்பகுதி இந்தக் குழுக்களின், குறிப்பாகப் பெண்களின், உழைப்பு. 1963இல் விடுதலை கிடைத்தபோது ஜோமோ கென்யாட்டா "ஹராம்பே" என்ற கூட்டு முயற்சியை நாட்டின் முழக்கமாகவே ஆக்கினார். அதன்பின் கென்யா முழுக்க ஊர்மக்கள் காசும் கல்லும் போட்டுக் கட்டிய பள்ளிகள் ஏராளம்.

அதே வட்டாரத்தில், 1978இல் ஜோஷுவா முகுஸ்யா என்பவரும் சில குடும்பங்களும் சேர்ந்து உட்டூனி சுய உதவிக் குழுவைத் தொடங்கினார்கள். மணல் ஆறுகளின் குறுக்கே சுவர் எழுப்பித் தண்ணீர் சேர்க்கும் வேலையை அந்தக் குழு பல கிராமங்களுக்குக் கொண்டுபோனது. எக்ஸலண்ட் டெவலப்மெண்ட் என்ற சிறு பிரிட்டிஷ் தொண்டு நிறுவனம் 2002இல் தொடங்கப்பட்டு அவர்களோடு சேர்ந்தது. தேதிகளைக் கவனியுங்கள். வெளியாட்கள் வந்து சேர்வதற்கு இருபது வருடம் முன்பே ஊர் வேலையை நடத்திக்கொண்டிருந்தது. நீங்கள் தேட வேண்டியதும் இந்த வரிசையைத்தான்.

எங்கே தேடுவது? மாவட்டத்தின் சமூக மேம்பாட்டு அலுவலகத்தில் பதிவு பெற்ற குழுக்களின் விவரம் கிடைக்கும். சமூகக் குழுக்களைப் பதிவு செய்வதற்கென்றே கென்யாவில் 2022ஆம் வருடச் சட்டம் இருக்கிறது. ஊர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையச் செவிலியர், தேவாலயப் பெண்கள் குழு, ஆசிரியர்கள் ஆகியோரைக் கேளுங்கள். இரண்டு மூன்று பேர் வாயிலிருந்து தனித்தனியாக ஒரே குழுவின் பெயர் வந்தால் அங்கே போங்கள்.

போனதும் திட்டம் எதையும் பேசாதீர்கள். அவர்களுடைய சேமிப்புக் கூட்டத்தில் ஓர் ஓரமாக உட்கார அனுமதி கேளுங்கள். கென்யக் கிராமங்களில் "சாமா" எனப்படும் சேமிப்புக் குழு இல்லாத ஊர் அரிது. அவற்றில் பல பின்பற்றும் முறை, 1991இல் மேற்கு ஆப்பிரிக்க நாடான நைஜரின் மராடி பகுதியில் கேர் என்ற சர்வதேசத் தொண்டு அமைப்பு பெண்களோடு சேர்ந்து உருவாக்கியது. 15 முதல் 25 பேர். நடுவில் ஓர் இரும்புப் பெட்டி. அதற்கு மூன்று பூட்டு. மூன்று சாவியும் மூன்று வெவ்வேறு பெண்களிடம். பெட்டி இருப்பது நான்காமவர் வீட்டில். மூவரும் வந்து சேர்ந்தால்தான் பெட்டி திறக்கும். ஒவ்வொருவராக எழுந்து தன் பங்குப் பணத்தை எல்லார் கண் முன்னால் எண்ணி வைப்பார். ஒரு கூட்டத்தில் ஒருவர் ஐந்து பங்குக்கு மேல் வாங்க முடியாது. பங்குக்கு ஒரு முத்திரை என்று பாஸ்புக்கில் குத்துவார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவரும் தன் முத்திரைகளை எண்ணிக்கொள்ளலாம். கடைசியில் பெட்டியில் எவ்வளவு இருக்கிறது என்று உரக்கச் சொல்வார்கள். அடுத்த கூட்டத் தொடக்கத்தில் அந்தத் தொகையை எல்லாரும் நினைவிலிருந்து சொல்ல வேண்டும்.

நம்மூர் மகளிர் சுய உதவிக் குழு நினைவுக்கு வருவது இயல்பு. 1989இல் தருமபுரியில் தொடங்கியது நம் கதை. ஆனால் ஒரு பெரிய வேறுபாடு உண்டு: நம் குழுக்கள் வங்கிக் கடனை நோக்கி நகர்ந்தன. இந்தப் பெட்டி முறையில் வெளிப்பணமே கிடையாது. சேர்ந்த பணம் உள்ளுக்குள்ளேயே கடனாகச் சுற்றி, வருட முடிவில் வட்டியோடு பங்கிடப்பட்டு, பெட்டி காலியாகி, மறுபடி முதலிலிருந்து தொடங்கும். ஆகவே நல்லெண்ணத்தில் அந்தப் பெட்டிக்குள் உங்கள் நன்கொடையைப் போட்டுவிடாதீர்கள். சொந்தப் பணம் என்பதால்தான் அவர்கள் ஒருவரையொருவர் கண்காணிக்கிறார்கள். இலவசப் பணம் நுழைந்தால் கடனைத் திருப்பிக் கட்டும் பழக்கம் தளர்ந்துவிடும்.

இந்தக் கூட்டத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் போதும், குழுவின் தரம் தெரிந்துவிடும். தலைவரைத் தவிர மற்றவர்கள் பேசுகிறார்களா? கணக்கில் தவறு வந்தால் யார் கேட்கிறார்கள்? தாமதமாக வந்ததற்கு அபராதம் தலைவருக்கும் உண்டா? திட்ட அறிக்கை நன்றாக எழுதத் தெரிந்த குழுவைவிட, அபராதம் ஒழுங்காக வசூலிக்கிற குழுவை நான் நம்புவேன்.

படி 3: கேளுங்கள், ஆனால் "என்ன வேண்டும்" என்று கேட்காதீர்கள்

வெளிநாட்டார் வந்து "என்ன வேண்டும்?" என்றால் எந்த ஊரும் ஒரு பட்டியல் தரும். அந்தப் பட்டியல் நீங்கள் எதைத் தருவீர்கள் என்று அவர்கள் ஊகித்ததன் பட்டியல். அதற்குப் பதிலாக இப்படிக் கேளுங்கள்: போன வருடம் நீங்களாக என்ன செய்தீர்கள்? எது பாதியில் நின்றது? எதனால் நின்றது? பாதியில் நின்ற வேலையில்தான் உங்களுக்கு இடம் இருக்கிறது.

சீஃப் எனப்படும் உள்ளூர் அரசு அதிகாரி கூட்டும் "பராசா" என்ற ஊர்க்கூட்டத்தில் உங்களை அறிமுகப்படுத்திக்கொள்வது மரியாதை. அதைத் தவிர்க்க முடியாது, தவிர்க்கவும் கூடாது. ஆனால் அங்கே பேசுவது பெரும்பாலும் வயதான ஆண்கள். தண்ணீர் எடுக்கப் போகும் பெண்களோடு காலையில் ஊற்று வரைக்கும் நடந்துபோய்த் திரும்புங்கள். முடிந்தால் ஒரு கேனைச் சுமந்து பாருங்கள். எந்த மாதத்தில் ஊற்று வற்றுகிறது, அப்போது அடுத்த ஊற்று எவ்வளவு தூரம், வரிசையில் எவ்வளவு நேரம் என்பதெல்லாம் பராசாவில் வராது, அந்த நடையில் வரும்.

படி 4: வேலையைத் தேர்ந்தெடுப்பது

உக்கம்பானியில் பல குழுக்கள் கேட்பது மணல் அணை. அது எப்படி வேலை செய்கிறது என்று விளக்கிவிடுகிறேன், ஏனென்றால் சுய உதவிக்கு இதைவிடப் பொருத்தமான கட்டுமானம் எனக்குத் தெரியாது.

மழைக்கால ஆற்றின் குறுக்கே, அடிப்பாறை மீது உட்காரும்படி, ஒரு கல் அல்லது கான்கிரீட் சுவர். வெள்ளம் மணலை அடித்துக்கொண்டு வந்து சுவருக்குப் பின்னால் நிரப்பும். வண்டல் சுவரைத் தாண்டி ஓடிவிடும். ஒன்றிரண்டு மழைக்காலத்தில், சில இடங்களில் இன்னும் கூடுதலாக, அணை முழுக்க மணலாகிவிடும். அந்த மணல் இடுக்குகளில்தான் தண்ணீர் நிற்கும். வெயில் படாததால் ஆவியாவது மிகக் குறைவு. கொசு முட்டையிட முடியாது. மாடு இறங்கிக் கலக்க முடியாது. மணலே வடிகட்டியாகவும் இருக்கிறது. மோட்டார் இல்லை, கதவு இல்லை, பழுதாக அதிகம் ஒன்றும் இல்லை.

ஆனால் எல்லா ஆற்றிலும் கட்ட முடியாது. இடம் பார்க்கும் வேலையை ஊராரோடு சேர்ந்து செய்யலாம். நீண்ட இரும்புக் கம்பியில் ஒரு சாண் இடைவெளியில் சிறு வெட்டுகள் போட்டு, சம்மட்டியால் ஆற்று மணலுக்குள் இறக்குவார்கள். டங்கென்று பாறையில் தட்டும் சத்தம் வரும்வரை அடித்து, கம்பியைத் திருகி மேலே இழுத்தால் ஒவ்வொரு வெட்டிலும் அந்தந்த ஆழத்து மண் ஒட்டிக்கொண்டு வரும். எந்த ஆழத்தில் பருமணல், எங்கே களி, எங்கே ஈரம் என்று கையால் தேய்த்தே சொல்லிவிடலாம். பருமணல் தன் கன அளவில் மூன்றில் ஒரு பங்கு வரை தண்ணீரைத் திருப்பித் தரும். வண்டல் வெகு சொற்பமே தரும். பாறை அகப்படவில்லை, அல்லது ஆறு கொண்டுவருவது வண்டல்தான் என்றால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள். இறுதி முடிவை மணல் அணை கட்டிப் பழகிய பொறியாளர் எடுக்கட்டும். அடித்தளத்தின் கீழே தண்ணீர் கசிந்தால் முழுச் சுவரும் வீண்.

ஆழ்துளைக் கிணறும் கைப்பம்பும்தான் தேவை என்று ஊர் முடிவு செய்தால் கவனம் இரட்டிப்பாக வேண்டும். 2009இல் சகாராவுக்குத் தெற்கேயுள்ள நாடுகளின் கணக்கைத் தொகுத்தபோது, கைப்பம்புகளில் மூன்றில் ஒன்றுக்கு மேல் எந்த நேரத்திலும் வேலை செய்யாமல் கிடக்கின்றன என்று தெரிந்தது. எந்தப் பம்பு சிறந்தது என்று இணையத்தில் தேடாதீர்கள்; அந்த வட்டாரக் கடைத்தெருவில் எந்தப் பம்பின் வாஷரும் ராடும் கிடைக்கிறதோ அதுவே சிறந்த பம்பு. ஆஃப்ரிடெவ் என்ற வகைக் கைப்பம்பு கிடைத்தால் நல்லது. ஒரே ஸ்பேனரை வைத்துக்கொண்டு ஊர்ப்பெண்களே பிரித்து மாட்டும்படி வடிவமைக்கப்பட்டது. ஆப்பிரிக்காவில் பரவலாகக் காணப்படும் இன்னொன்று நமக்குப் பழக்கமான இந்தியா மார்க் 2. அதைக் கிராமத்திலேயே பழுது பார்க்கும்படி திருத்தி மார்க் 3 ஆக்கிய களச்சோதனை 1980களில் கோயம்புத்தூர் வட்டாரத்தில்தான் நடந்தது.

புதுமையைக் கண்டு மயங்க வேண்டாம். குழந்தைகள் ராட்டினம் சுற்றினால் தண்ணீர் ஏறும் என்று சொன்ன பிளேபம்ப் திட்டத்துக்கு 2006இல் அமெரிக்காவில் 1.64 கோடி டாலர் உதவி அறிவிக்கப்பட்டது. சொன்ன அளவு தண்ணீர் வர, நாளுக்கு 27 மணி நேரம் குழந்தைகள் சுற்ற வேண்டும் என்று பிறகு ஒரு பிரிட்டிஷ் பத்திரிகை கணக்குப் போட்டுக் காட்டியது. நடைமுறையில் வயதான பெண்கள் ராட்டினத்தைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். அவர்களிடம் யாராவது முதலில் கேட்டிருந்தால் போதும்.

அனாதை இல்லம் நடத்துவது, அங்கே போய்த் தன்னார்வ வேலை செய்வது இரண்டையும் முழுக்கத் தவிர்த்துவிடுங்கள். கென்யா 2017இலேயே புதிய குழந்தைகள் இல்லங்களைப் பதிவு செய்வதை நிறுத்திவிட்டது. குழந்தைகளை உறவினர்களோடும் குடும்பங்களோடும் வைத்து வளர்ப்பதுதான் அரசின் கொள்கை. இரண்டு வாரம் கொஞ்சிவிட்டுப் போகிறவர்கள் அந்தக் குழந்தைகளுக்குச் செய்வது நல்லதல்ல.

படி 5: யார் பங்கு எது

மணல் அணை விஷயத்தில் பங்கு பிரிப்பது தெளிவாகவே இருக்கிறது. கல், மணல், தண்ணீர், ஆள் வேலை ஊருடையது. சிமெண்ட், கம்பி, பொறியாளர் கூலி, தேர்ந்த கொத்தனார் கூலி உங்களுடையது. ஓர் அணைக்குச் சில நூறு மூட்டை சிமெண்ட் பிடிக்கலாம். ஆனால் கல் சுமந்து சேர்ப்பதற்கே குழு வாரக்கணக்கில் உழைக்க வேண்டியிருக்கும். சிமெண்ட் லாரி வருவதற்கு முன் கல் குவிந்திருக்க வேண்டும் என்பதை விதியாக வைத்துக்கொள்ளுங்கள். கல் குவியவில்லை என்றால் கோபப்படாதீர்கள். அந்த அணை அவர்களுக்கு அவ்வளவு அவசியமாகப் படவில்லை, அல்லது உழவு நேரத்தில் கேட்டுவிட்டீர்கள் என்று பொருள். ஜூன் முதல் செப்டம்பர் வரை, அறுவடைக்கும் அடுத்த மழைக்கும் இடையில், வேலையை வைத்துக்கொள்ளுங்கள். ஆறும் அப்போதுதான் காய்ந்திருக்கும்.

கட்டத் தொடங்குமுன் மூன்று காகிதங்கள் கையில் வேண்டும். இரு கரையிலும் நிலம் வைத்திருப்பவர்கள், தண்ணீர் எடுக்க வருகிறவர்களுக்கு வழிவிடச் சம்மதித்துச் சாட்சிகளோடு போட்ட கையெழுத்து. 2016 தண்ணீர்ச் சட்டப்படி நீர்வள ஆணையத்தின் அனுமதி. தண்ணீரை யார், எதற்கு, எந்த வரிசையில் எடுப்பது என்று குழுவே எழுதிய விதிகள். முதல் காகிதத்தைப் பலர் வாய்வார்த்தையோடு விட்டுவிடுகிறார்கள். அணையில் தண்ணீர் நிற்கத் தொடங்கினால் கரையோர நிலத்தின் மதிப்பு ஏறும், பிறகு வேலி முளைக்கும்.

விதிகளில் மணலைப் பற்றியும் ஒரு வரி இருக்கட்டும். நைரோபியின் கட்டட வேலைக்கு இந்த ஆறுகளின் மணல் லாரி லாரியாகப் போகிறது. மக்குவேனி மாவட்டம் 2015இல் மணல் பாதுகாப்புக்கென்று தனிச் சட்டமே போட்டது. மணல் போனால் மணல் அணையில் தண்ணீர் நிற்க இடமில்லை. மணல் கொள்ளை ஆற்றை என்ன செய்யும் என்று நம் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

படி 6: பணம்

குழுவின் பெயரில் வங்கிக் கணக்கு, மூவர் கையெழுத்து, அதில் குறைந்தது ஒருவர் பெண். தனி ஆள் கணக்குக்கு, அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், அனுப்பாதீர்கள். அது அவருக்கே ஆபத்து. உறவினரும் அயலாரும் அவரைச் சூழ்ந்துகொள்வார்கள். தவணை தவணையாக அனுப்புங்கள், முந்தைய தவணையின் ரசீது வந்த பிறகு அடுத்தது. 2007இல் தொடங்கிய எம்பெசா என்ற கைபேசிப் பணச் சேவை வழியாகக் கடைக்காரருக்குப் பணம் போவதால், ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலுக்கும் குறுஞ்செய்தி ஆதாரம் இருக்கும். அதை நோட்டில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். கணக்கு உங்களுக்கு மின்னஞ்சலில் வருவது இரண்டாம்பட்சம். அது குழுக் கூட்டத்தில் கம்பா மொழியில் வாசிக்கப்பட வேண்டும். வரவும் செலவும் ஊருக்குத் தெரிந்தால் திருட்டு குறையும். உங்கள் தணிக்கையைவிட அது வலுவானது.

இந்தியாவில் அறக்கட்டளையாகப் பதிவு செய்திருந்தால், வெளிநாட்டில் செலவிடும் தொகைக்கு வருமான வரிச் சலுகை தானாகக் கிடைக்காது. பணம் திரட்டுவதற்கு முன்பே ஆடிட்டரிடம் கேட்டுவிடுங்கள்.

படி 7: போவதற்கு முன்

கென்யா 2024 ஜனவரி முதல் விசாவை எடுத்துவிட்டு, இணையத்தில் முன்கூட்டியே பெறும் மின்னணுப் பயண அனுமதியைக் கொண்டுவந்திருக்கிறது. சுற்றிப் பார்க்கவும் குழுவைச் சந்திக்கவும் அது போதும். சம்பளமில்லாத வேலையாக இருந்தாலும் கட்டுமான இடத்தில் வேலை செய்ய வேண்டுமானால் தனி அனுமதி கேட்க வேண்டும். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் பயணத்துக்குப் பத்து நாள் முன்பாவது போட்டுக்கொள்ளுங்கள். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். சான்றிதழ் இல்லாமல் இந்தியா திரும்பினால் தனிமைப்படுத்தப்படுவீர்கள். மலேரியா மாத்திரையை மருத்துவரிடம் கேளுங்கள். ஊருக்குக் கொடுக்கலாம் என்று பழைய துணிமூட்டை கொண்டுபோக வேண்டாம்.

எத்தனை பேர் போவது? இரண்டு மூன்று பேர் போதும். பன்னிரண்டு பேர் போனால் ஊர் முழுக்க உங்களுக்குச் சமைக்கவும் தண்ணீர் சுமக்கவும் வேண்டியிருக்கும். மீதிப் பேரின் டிக்கெட் பணம் சிமெண்டாகட்டும்.

படி 8: அங்கே உங்கள் வேலை

கல் சுமக்கலாம், தப்பில்லை. கூடச் சேர்ந்து சுமந்துவிட்டு, மதியம் மரத்தடியில் சோளமும் பயறும் சேர்த்து வேகவைத்த முத்தோகோய் சாப்பிடுவதில் ஏற்படும் நெருக்கம் உண்மையானது. ஆனால் உங்கள் உடலுழைப்பு அவர்களுக்குத் தேவை என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு கம்பா பெண்மணி அரை நாளில் தூக்கும் கல்லை நம்மில் பலர் ஒரு நாளில் தூக்க மாட்டோம்.

வெளியாள் தரக்கூடியது, கையில் அடங்குகிற ஓர் உத்தி. இதற்குச் சிறந்த உதாரணம் உக்கம்பானிக்கு வெகுதூரத்தில், மேற்கு ஆப்பிரிக்க நாடான புர்கினா ஃபாசோவின் யாட்டெங்கா வட்டாரத்தில் இருக்கிறது. அங்கே விவசாயிகள் மழைநீரைத் தடுக்க வயலின் குறுக்கே கல் வரிசை போடுவது வழக்கம். சரிவு மிகக் குறைவு என்பதால் சம உயரக் கோட்டைக் கண்ணால் பிடிக்க முடியாது. வரிசை சற்றுச் சாய்ந்தாலும் தண்ணீர் ஓரிடத்தில் திரண்டு உடைத்துவிடும். 1979இல் ஆக்ஸ்ஃபாம் என்ற தொண்டு நிறுவனத்தின் ஆதரவோடு தொடங்கிய திட்டம் ஒன்றில் இதற்கு விடையாக வந்தது, நம் கொத்தனார்கள் தளமட்டம் பார்க்க வைத்திருக்கும் அதே டியூப் லெவல்: இரண்டு கம்புகளில் கட்டிய ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் குழாய், உள்ளே தண்ணீர். இரண்டு கம்பிலும் தண்ணீர் ஒரே அளவில் நின்றால் இரண்டு இடமும் ஒரே உயரம். படிப்பறிவு தேவையில்லை, ஒன்றிரண்டு நாளில் கற்றுக்கொள்ளலாம், கற்றவர் அடுத்த ஊருக்குக் கற்றுக்கொடுக்கலாம். கல் வரிசை அவர்களுடைய சொந்த யோசனை. வெளியிலிருந்து வந்தது ஒரு குழாய்தான்.

அந்த யாட்டெங்காவில்தான் யக்கூபா சவடோகோ என்ற விவசாயி "ஸாய்" என்ற பழைய குழிமுறையைச் செம்மைப்படுத்தினார். காய்ந்து இறுகிய நிலத்தில் கோடையிலேயே குழி பறித்துச் சாணம் போட்டு வைத்தால், கறையான் வந்து மண்ணைத் துளைத்து இளக்கும். முதல் மழை அந்தத் துளைகளில் இறங்கும். 2018இல் அவருக்கு ரைட் லைவ்லிஹூட் விருது கிடைத்தது. அவரிடம் கற்க மற்ற ஊர் விவசாயிகள் வந்தார்கள். உங்களிடம் கொஞ்சம் பணம் மிஞ்சினால், உங்கள் குழு விவசாயிகள் பத்துப் பேரை, இப்படி ஒன்றைச் செய்து காட்டிய பக்கத்து மாவட்ட ஊருக்கு வேன் வைத்து அனுப்பிப் பாருங்கள். எந்தப் பயிற்சி வகுப்பும் அதற்கு ஈடாகாது.

படம் எடுக்கும்போது பெரியவர்களிடம் அனுமதி கேளுங்கள், படத்தை எங்கே போடுவீர்கள் என்று சொல்லுங்கள். நிதி திரட்டுவதற்காகக் கிழிந்த சட்டைக் குழந்தையைத் தேடிப் படம் எடுக்காதீர்கள். கல் சுமக்கும் பெண்களின் படம் போதும்.

படி 9: கட்டி முடிந்த பிறகு

முதல் வெள்ளம் போனதும் குழுவினர் சுவரின் இரு சிறகுகளையும், அதாவது கரையோடு சேரும் ஓரப் பகுதிகளையும், நடந்து பார்க்க வேண்டும். கரையை அரித்துத் தண்ணீர் சுற்றிப் போகிறதா என்று. அரிப்பு தெரிந்தால் உடனே கல் அடுக்க வேண்டும். கரையில் நேப்பியர் புல் நட்டால் மண்ணும் பிடிக்கும், மாட்டுக்குத் தீவனமும் ஆகும். மேட்டு நிலங்களில் வரப்பு போடுவது தொடர வேண்டும், இல்லையென்றால் வண்டல் வந்து மணலை அடைக்கும். பம்பு வைத்திருந்தால் பழுது நிதி பம்பு வைத்த மாதத்திலிருந்தே சேர வேண்டும். பம்பு நின்ற பிறகு வசூலிக்கப் போனால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள்.

இரண்டாம் வருடம் அடுத்த வேலைக்கு ஊரின் பங்கு கூட வேண்டும், உங்கள் பங்கு குறைய வேண்டும். இதை முதல் கூட்டத்திலேயே சொல்லிவிடுங்கள், கடைசியில் சொன்னால் கைவிட்டதாகப் படும். ஐந்தாம் வருடம் போகும்போது கட்டுமானத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். உங்கள் பணம் இல்லாமல் அந்தக் குழு தானாக எதைத் தொடங்கியிருக்கிறது என்று விசாரியுங்கள். காய்கறிப் பாத்தி, மரக்கன்று நாற்றங்கால், பக்கத்து ஆற்றில் இன்னொரு சுவர், எதுவாகவும் இருக்கலாம். அதற்கு உங்களிடம் எதுவும் கேட்காமல் இருந்தால், கணக்கை ஒப்படைத்துவிட்டு, வரைபடங்களையும் அனுமதிக் காகிதங்களையும் கொத்தனாரின் தொலைபேசி எண்ணையும் குழுச் செயலாளரிடம் கொடுத்துவிட்டு வரலாம்.